தலைமாட்டுச் சுவர்

அன்று மழை பெய்ததா என்பதில் இந்தக் கதையைச் சொல்கிறவனுக்கு இன்றுவரை ஒரு சந்தேகம் உண்டு. பெய்தது என்றாள் அவள். விடியற்காலையிலிருந்து விடாமல் பெய்தது, ஜன்னல் கம்பியில் துளித்துளியாகத் தொங்கியது, இல்லாவிட்டால் ஒரு பூச்சு காய்வதற்கு ஒன்றரை நாள் ஆகுமா என்று கேட்டாள். பக்கத்தில் இருந்த அவன் தலையை ஆட்டி மறுத்தான். வெயில் கொளுத்தியது, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது என்றான். ஒரே அறையில் மூன்று நாள் நின்ற இரண்டு பேர்... ஆளுக்கொரு வானத்தை வைத்திருக்கிறார்கள். இருவரையும் நம்பித்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்காவது பிசகியிருந்தால், பிசகு வானத்தோடு நிற்கட்டும்.

மழை என்றே வைத்துக்கொள்வோம்.

வியாழக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். அவள் முக்காலியின் மேல் நின்றிருந்தாள். இரண்டு கைகளும் சுவரில் இருந்தன. கைகளுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தாள். அதில் கொடியும் இலையுமாக வெட்டப்பட்ட ஓட்டைகள். ஓட்டைகளின் மேல் பட்டியை, சுவருக்குப் பூசும் வெள்ளை மாவுக் குழைவை, தகட்டால் இழுத்து நிரப்ப வேண்டும். ஈரம் போவதற்குள் தாளை நேராகத் தூக்கிவிட வேண்டும். தூக்கினால் சுவரில் கொடி புடைத்துக்கொண்டு நிற்கும். விரலால் தடவினால் இலை நரம்புகூடத் தெரியும். தாள் ஒரு நூல் சறுக்கினாலும் போயிற்று... இலையெல்லாம் களியாகிவிடும்.

அது சறுக்கத் தொடங்கியிருந்தது. ஈரக்காற்றில் மேல் மூலையில் ஒட்டிய டேப் விட்டுப்போய், நாக்குப் போலத் தொங்கியது. இரண்டு கை போதவில்லை. மூன்றாவது கைக்கு எங்கே போவது?

கூடத்தில் யாரோ நடக்கும் சத்தம் கேட்டது.

"யாருங்க அது? யாரா இருந்தாலும் பரவாயில்ல, உள்ள வாங்க! இந்த மூலையைப் பிடிங்க!"

ஒரு பை தரையில் வைக்கப்படும் சத்தம். பிறகு அவள் கைக்குப் பக்கத்தில் இன்னொரு கை வந்தது. மணிக்கட்டில் சிராய்ப்பு, நகத்தில் கறுப்பு.

"எதைப் பிடிக்கணும்?"

"மேல் மூலையை. அழுத்தாதீங்க. இழுக்காதீங்க. பேசாதீங்க."

"மூச்சு விடலாமா?"

"மெதுவா."

பக்கத்தில் யாரோ உண்மையாகவே மெதுவாக மூச்சு விட்டார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தாள் ஆடும், அடக்கிக்கொண்டாள்.

"மூணு எண்ணுவேன். அப்படியே நேரா, சுவரை விட்டு நம்ம பக்கமாத் தூக்கணும். ஒண்ணு... ரெண்டு... மூ—"

அவன் தூக்கிவிட்டான். அவள் தூக்கவில்லை. தாள் கோணி எழுந்தது. நுனியில் ஒரு இலை இழுபட்டு, மூக்கு ஒழுகின குழந்தை மாதிரி நின்றது.

"மூணு சொல்லி முடிக்க வேணாமா!"

"ஆரம்பிச்சிட்டீங்களே..."

"ஆரம்பிச்சா? முழு மூணு வரணும்!"

"எங்க தொழில்ல முழு மூணு வர்ற வரைக்கும் காத்திருந்தா ஷாக் அடிச்சிருக்கும்ங்க."

அப்போதுதான் அவனைத் திரும்பிப் பார்த்தாள். சட்டைப்பையில் பேனாவுக்குப் பதிலாக ஒரு டெஸ்டர். முகத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. கண்கள் மட்டும்... ஸ்விட்சைப் போட்டுவிட்டு, விளக்கு எரிகிறதா என்று பார்த்துக் காத்திருக்கிற கண்கள். அவசரமே இல்லாத கண்கள். அவை அவளைப் பார்க்கவில்லை, கெட்டுப்போன இலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு இலைக்காக ஒரு ஆண் இவ்வளவு வருத்தப்பட்டு அவள் பார்த்ததில்லை.

தகட்டின் முனையால் இழுபட்ட பட்டியைச் சுரண்டி, விரல் நுனியால் வழித்து, வாயால் ஊதினாள். இலை திரும்பி வந்தது. கொஞ்சம் வளைந்த இலை.

"அடேயப்பா," என்றான் அவன். பிறகு தான் வந்த வேலை நினைவுக்கு வந்தவன் போலப் பையைத் திறந்தான். "நான் வயரிங் பார்க்க வந்தேன். கட்டில் லைட்டு செத்துப்போச்சுன்னு வீட்டுக்காரர் கூப்பிட்டார். எங்க சித்தப்பாதான் ரெண்டு வாரம் முன்னாடி இழுத்துக் கொடுத்தது. அவர் கால்ல கட்டுப் போட்டுப் படுத்திருக்கார், அதான் என்னை அனுப்பினார். இந்த ரூம்ல எங்கயோ ஒரு ஜங்ஷன் பெட்டி இருக்கணும்ங்க. வட்டமா, உள்ளங்கை அகலத்துக்கு, வெள்ளை மூடி போட்டு. நீங்க பார்த்தீங்களா?"

அவள் கையிலிருந்த தகடு நின்றது.

"தெரியல," என்றாள்.

ஒரு சொல்தான். எப்படி வாயிலிருந்து வந்தது என்று அவளுக்கே புரியவில்லை. வந்த பிறகு திரும்ப உள்ளே போகவில்லை.

*

அவளுக்குத் தெரியும். கட்டிலின் தலைமாட்டில், தரையிலிருந்து நான்கடி உயரத்தில், இடது பக்கம் மூன்றாவது கொத்து இலைக்குப் பின்னால் இருந்தது அந்தப் பெட்டி. திங்கட்கிழமை அவள்தான் அதை மூடினாள்.

பழைய வீடு. எதிர்ச்சுவரில் அதே மாதிரி இரண்டு பெட்டிகள் இருந்தன. உள்ளே ஒன்றுமில்லை, சிலந்திகூட இல்லை. அவற்றை அட்டை வைத்து அடைத்துப் பட்டி இழுத்தாள். தலைமாட்டில் இருந்த மூன்றாவதின் மூடியைக் கழற்றியபோது டேப் சுற்றிய நான்கு வயர்கள் மடங்கிக் கிடந்தன. அதுவும் செத்ததுதான் என்று நினைத்தாள். நினைத்தாளா, நினைக்க விரும்பினாளா? மூடி சுவரை விட்டு அரை விரல் துருத்திக்கொண்டிருந்தது. தாள் அதன் மேல் படியாது. கொடி அந்த இடத்தில் முறிந்துபோகும். வயர்களை உள்ளே அமுக்கி, அட்டையைத் திணித்து, ஈரப் பட்டியை இழுத்தாள். சுவர் கண்ணாடி மாதிரி ஆனது. அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் கட்டில் விளக்கைப் போட்டுப் பார்த்தபோது அது இரண்டு முறை கண் சிமிட்டியது. புதன்கிழமை செத்துப்போனது.

வீட்டுக்காரர் மருந்துக்கடை வைத்திருப்பவர். பயந்த மனிதர். சனிக்கிழமை அவருடைய அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார். வயிற்றில் பெரிய ஆப்பரேஷன், ஆறு வாரப் படுக்கை. அங்கிருந்து அந்த அக்கா தம்பிக்குச் சொல்லி அனுப்பிய ஒரே கோரிக்கை இதுதான்: "வெள்ளை மட்டும் வேணாம்டா. கண்ணை மூடினாலும் வெள்ளையாத்தான் தெரியுது." அதற்காகத்தான் இந்த அறை. அக்காவுக்கு இருட்டில் படுக்கவும் பயம். அதற்காகத்தான் கைக்கெட்டும் தூரத்தில் அந்த விளக்கு. மருந்துக்கடைக்காரர் மருந்து சாப்பிடுகிற மாதிரி மூன்று வேளையும் வந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்மா... சனிக்கிழமைக்குள்ள ஆயிடுமில்ல?"

"ஆயிடும் சார்."

"வாசனை போயிடுமில்ல? அக்காவுக்கு வாசனை ஆகாது."

"போயிடும் சார்."

இது அவளுடைய முதல் வேலை. தனியாக எடுத்த முதல் வேலை. அதற்கு முன் ஆறு வருடம் அப்பாவின் கீழ் வேலை செய்தாள். அப்பா பெயின்டிங் மேஸ்திரி. பன்னிரண்டு ஆட்கள் வைத்திருந்தார். சுவரென்றால் சமமாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அவள் முதன்முதலில் புடைப்புக் கொடி போட்டுக் காட்டியபோது, "இது சுவரா, பிறந்தநாள் கேக்கா?" என்றார் ஆட்கள் எல்லாரும் கேட்கும்படி. ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவள் மறுநாள் வேலைக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. மருந்துக்கடைக்காரருக்கு அப்பாவை நன்றாகத் தெரியும். "ஏதாவது கோளாறு வந்தா அப்பா ஆளுங்களை அனுப்பச் சொல்லிடறேன், நீ கவலைப்படாதே" என்று முதல் நாளே ஆறுதலாகச் சொன்னார். அந்த ஆறுதல்தான் ஒரு வாரமாக அவளைப் பயமுறுத்தியது.

பெட்டி அங்கே இருக்கிறது என்று சொன்னால் சுவரை உடைக்க வேண்டும். உடைத்தால் அப்பாவுக்குப் போன் போகும்.

அதனால்தான் அந்தத் 'தெரியல'.

*

அவன் அன்று முழுவதும் தேடினான். ஸ்குரு டிரைவரின் கட்டைப் பக்கத்தால் சுவரைத் தட்டிக்கொண்டே போனான். டொக்... டொக்... அவள் முதுகைக் காட்டிக்கொண்டு தாளைக் கழுவினாள். ஒவ்வொரு டொக்குக்கும் அவள் தோள் ஒரு அங்குலம் ஏறியது. மத்தியானம் அவன் சாப்பிடப் போய்வந்தான். திரும்பி வந்தபின் தலைமாட்டுச் சுவர் வரை தட்டிக்கொண்டு வந்தவன், ஒரு கை தூரத்தில் நின்று, அவளுடைய ஈரக் கொடியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு திரும்பி மறு பக்கம் போய்விட்டான்.

அதிர்ஷ்டம் என்று நினைத்தாள். அதிர்ஷ்டம் வந்தால் சந்தோஷமாக இருக்க வேண்டாமா?

வெள்ளிக்கிழமை அவன் மின்விசிறிப் பெட்டியைத் திறந்தான். கூரைப் பெட்டியைத் திறந்தான். பிறகு மண்டி போட்டு, தரையோரமாக ஒரு பழைய வயர்க் குழாய் போகிறதா என்று துழாவினான். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, அட்டைத் துண்டுகளில் சாயம் கலந்து தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சையில் சாம்பல், சாம்பலில் ஒரு சொட்டு நீலம். பேசாமல் ஒரு மணி நேரம் போனது. அவனுக்குப் பேசாமல் இருப்பது கஷ்டமாக இல்லை போலிருந்தது. அவளுக்கும் வேறு யாரோடும் அது கஷ்டமில்லை. இவனோடு மட்டும் ஒவ்வொரு நிமிடத்தின் அடியிலும் அந்த ஒரு சொல் கிடந்து உறுத்தியது.

"மனசுக்கு இதமான கலர்னு வீட்டுக்காரர் சொல்லிட்டே இருக்காரே... அது எப்படிங்க கண்டுபிடிப்பீங்க?" தரையிலிருந்து குரல் வந்தது.

"பார்த்தா எதுவும் ஞாபகத்துக்கு வரக்கூடாது. அதான் இதமான கலர்."

"அப்ப என் மூஞ்சிக் கலரையே அடிச்சிடுங்க. பார்த்தவங்க யாருக்கும் ஞாபகம் இருக்கிறதில்ல."

"ஏன், எனக்கு..." என்று ஆரம்பித்துவிட்டாள். பாதியில் நிறுத்தினாள். காது சூடானது.

"உங்களுக்கு?"

"எனக்கு வேலை இருக்கு. நீங்க உங்க குழாயைப் பாருங்க."

அவன் சிரிக்கவில்லை. ஆனால் குழாய்க்குள் டார்ச் அடித்துக்கொண்டே மெல்ல விசிலடிக்க ஆரம்பித்தான். சுருதி சேராத விசில். அந்த விசிலைக் கேட்டபடி அவள் தூரிகையை வைத்திருந்தாள். சாயம் சொட்டிப் பாவாடையில் விழுந்ததுகூடத் தெரியவில்லை. கடவுளே, இவன் நல்லவனாக இல்லாமல் இருந்திருக்கக்கூடாதா... ஒரு சிடுமூஞ்சியை அனுப்பியிருக்கக்கூடாதா. சிடுமூஞ்சியிடம் பொய் சொல்வது எவ்வளவு சுலபம்!

தேநீர் வந்தது. அவன் தன் டம்ளரை அவள் பக்கத்தில் கொண்டுவந்து வைத்து, ஒரு கை இடம் விட்டு உட்கார்ந்தான்.

"அந்த வளைஞ்ச இலை இருக்கே, என்னால கெட்டுப்போனது... அதை எடுத்துட்டுப் புதுசாப் போட்டுடலாமில்ல?"

"எதுக்கு? நல்லாத்தானே இருக்கு."

"தப்பாச்சே."

"தப்பு வெளியில தெரிஞ்சா பரவாயில்ல," என்றாள் அவள். சொன்ன பிறகு தேநீர் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டாள்.

அவன் அவளைப் பார்த்தான். காத்திருக்கிற அதே பார்வை. ஏதோ சொல்லப் போகிறாள் என்று எதிர்பார்க்கிற மாதிரி... அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஜன்னலில் மழை வலுத்தது. பிறகு அவன் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்து போனான்.

*

சாயங்காலம் ஐந்து மணிக்கு மருந்துக்கடைக்காரர் வந்தார். இந்த முறை கேள்வியோடு வரவில்லை, கோபத்தோடு வந்தார். பயந்தவர்களுடைய கோபம், குரல் உடைந்து உடைந்து வந்தது.

"ரெண்டு நாளாச்சு தம்பி! ஒரு லைட்டு! ஒரே ஒரு லைட்டு! நாளைக்கு எங்க அக்கா வந்து இருட்டுல படுக்கணுமா? உங்க சித்தப்பாவை இருபது வருஷமா நம்பினேனே, இதுதானா அவர் வேலை? இனிமே இந்தப் பக்கம் யாருக்கும் உங்களைச் சொல்ல மாட்டேன். சொல்லவே மாட்டேன். நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

அவன் எழுந்து நின்றான். முட்டியில் சுண்ணாம்பு.

"எங்க தப்புதான் சார். சித்தப்பா ஜாயின்ட்டை ஒழுங்கா முறுக்காம விட்டிருக்கார். தரையோரமாப் புதுசா ஒரு லைன் இழுத்துடறேன். நாளைக்குக் காலைல முடிஞ்சிடும். காசு வேணாம்."

ரோலரைப் பிடித்தபடி அவள் முக்காலியில் நின்றிருந்தாள். எங்க தப்புதான்... கால் கட்டோடு படுத்திருக்கிற, அவள் பார்த்தே இராத ஒரு மனிதரின் இருபது வருடம் அந்த அறையின் நடுவில் கீழே போட்டு மிதிக்கப்பட்டது. மிதிப்பது மருந்துக்கடைக்காரர் அல்ல என்று அவளுக்குத் தெரிந்தது.

ரோலரைத் தட்டில் வைத்தாள். இறங்கினாள். பட்டித் தகட்டை எடுத்தாள். தலைமாட்டுச் சுவருக்குப் போய், இடது பக்கம் மூன்றாவது கொத்தில், தன் கையால் இரண்டு நாள் ஊதி ஊதிக் காயவைத்த இலைகளின் நடுவே, தகட்டைக் குத்தி இறக்கினாள். பட்டி பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது.

"இங்க இருக்கு. நான்தான் மூடினேன். இவங்க மேல தப்பே இல்ல சார். நான்தான்..."

"மெயின் ஆன்ல இருக்கு!"

அவன் அறையைத் தாண்டி வந்தது அவளுக்குத் தெரியவில்லை. மணிக்கட்டு பிடிபட்டதுதான் தெரிந்தது. தகடு கையிலிருந்து தெறித்துத் தரையில் சுழன்றது. ஈர அட்டைக்குள் எங்கோ 'சிர்ர்...' என்று ஒரு சத்தம் கேட்டு நின்றது. அவன் அவள் கையை விடவில்லை. அவசரமே இல்லாத அந்தக் கண்கள் இப்போது...

"பைத்தியமா உங்களுக்கு! இரும்பைக் கொண்டுபோய் உள்ள விடறீங்க! ஒரு விரல் தள்ளியிருந்தா... ஒரு விரல்!"

அவளுக்கு அழுகை வந்தது. மருந்துக்கடைக்காரர் சுவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிடித்திருந்த கையைப் பார்த்தார். கூடத்துக்குப் போனார். மெயினை அணைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, எதிர்பார்த்தது போலவே, அவர் போனில் பேசுகிற சத்தம். திரும்பி வந்து போனை அவளிடம் நீட்டினார்.

"அப்பா."

அவள் வாங்கிக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் அப்பாவின் மூச்சு மட்டும்.

"நீயே சொன்னியா, அவங்க கண்டுபிடிச்சாங்களா?" என்றார் கடைசியில்.

"நானே சொன்னேன்."

தூரத்தில் ஆட்கள் ஏணியைத் தூக்கிக்கொண்டு போகும் சத்தம்.

"ஆள் அனுப்பணுமா?"

"வேணாம்ப்பா."

"ம்," என்றார் அப்பா. "அவர்கிட்ட கொடு."

அவர்கள் என்ன பேசினார்களோ தெரியாது. மருந்துக்கடைக்காரர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் இருக்கும்மா," என்றார். "அப்புறம் அக்கா வந்துடுவா." அவ்வளவுதான். கோபம் எல்லாம் எங்கோ வடிந்துவிட்டிருந்தது. சித்தப்பாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே கடைக்குப் போனார்.

அவன் பெட்டியைச் சுத்தம் செய்தான். பட்டியின் ஈரத்தில் பூத்துப்போயிருந்த வயர் நுனிகளை வெட்டி, புதிதாக முறுக்கினான். வேலை முடிந்ததும் பையிலிருந்து ஒரு மூடியை எடுத்தான். பழையது மாதிரி துருத்தாத, தாள் போல மெல்லிய, சுவரோடு சுவராக உட்கார்கிற மூடி. இன்னும் கடை உறையில் இருந்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதையே பார்த்தாள்.

"இது எப்ப வாங்கினீங்க?"

அவன் கை நின்றது. "நேத்து."

"நேத்து எப்ப?"

"மத்தியானம். சித்தப்பாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். தலைமாட்டுல, நாலடி உயரத்துலன்னு சொன்னார்."

அவள் மெல்ல, ஒவ்வொன்றாக, எல்லாவற்றையும் திரும்ப அடுக்கிப் பார்த்தாள். ஒரு கை தூரத்தில் நின்றது. கூரையைத் துழாவியது. தேநீர். அந்தப் பார்வை.

"அப்ப ரெண்டு நாளா... நான் இங்க செத்துச் செத்துப் பிழைக்கிறதை வேடிக்கை பார்த்துட்டு இருந்திருக்கீங்க."

"அப்படி இல்லைங்க..."

"விசில் வேற!"

"நான் சொல்றதைக் கேளுங்க—"

"நீங்க உங்க வேலையை முடிச்சிட்டுக் கிளம்புங்க."

அவன் மூடியைப் பொருத்தினான். இரண்டு திருகாணிகளையும் முடுக்கினான். மெயினைப் போட்டு, கட்டில் விளக்கை எரியவைத்துக் காட்டினான். அவள் பார்க்கவில்லை. அவன் போன பிறகும் வெகு நேரம் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

*

சனிக்கிழமை அக்கா மத்தியானம் வரவில்லை. ஒன்பதரைக்கே வந்துவிட்டார்.

அவள் அப்போதுதான் கடைசி ரோலரைக் கழுவிக்கொண்டிருந்தாள். அறை அந்த மங்கலான பச்சையில் மூழ்கியிருந்தது. கழுவித் துடைத்த கரும்பலகை உலர்ந்த பிறகு வருகிற பச்சை. தலைமாட்டில் கொடி ஏறிக்கொண்டே போய், மூடியைச் சுற்றி ஒரு முழத்துக்கு நின்றுவிட்டு, அதற்கு மேல் மறுபடி தொடங்கியது. அந்த இடத்தில் புது இலை போட நேரமில்லை, காயாது.

அக்காவைக் கட்டிலில் சாய்த்தார்கள். மெலிந்த, பெரிய கண்களுள்ள பெண்மணி. தபால் நிலையத்தில் முப்பது வருடம் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து அடுக்கியவர். எதையும் ஒரு நொடியில் படித்துவிடுகிற பார்வை. விளக்கைச் சரிபார்க்க அவனும் வந்து கதவோரம் நின்றான். மருந்துக்கடைக்காரர் வாசனை வருகிறதா என்று காற்றை முகர்ந்தார். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்... பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏன் இங்க மட்டும் இலை இல்ல?" என்றார் அக்கா.

மருந்துக்கடைக்காரர் இருமினார். அவள் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"நான் செஞ்ச தப்பும்மா. கரன்ட் பெட்டியைப் பட்டி போட்டு மூடிட்டேன். கேட்டப்ப தெரியலன்னு பொய் சொன்னேன். நேத்து நானே வெட்டி எடுத்தேன். நாளைக்கு வந்து இலை போட்டுக் கொடுத்துடறேன்."

"என் தப்பும் இருக்கும்மா," என்றான் கதவோரம் நின்றவன். "எனக்கு மொத நாளே தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் சொல்லல."

"ஏன் சொல்லல?"

"உடைக்கணுமேன்னு... வேற வழியா லைன் கொண்டுபோக முடியுமான்னு பார்த்தேன். இந்தச் சுவரை உடைக்க எனக்கு மனசு வரல."

"சுவரையா?" என்றார் அக்கா.

அவன் டெஸ்டரைப் பையிலிருந்து எடுத்தான், திரும்ப வைத்தான்.

"சுவரை மட்டும் இல்லம்மா..."

மருந்துக்கடைக்காரர் முகர்வதை நிறுத்திவிட்டார். அக்கா இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். உதடு துடித்தது.

"டேய் தம்பி, இவங்களை வெளியில கூட்டிட்டுப் போடா. எனக்குத் தையல் போட்டிருக்கு. சிரிச்சா வலிக்குது."

படிக்கட்டில் அவள் முன்னால் இறங்கினாள். அவன் நான்கு படி பின்னால் வந்தான். பாதியில் அவள் நின்றாள். திரும்பவில்லை, கைப்பிடிச் சுவரின் உரிந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினாள்.

"எனக்கு உங்க மேல கோபம் இல்ல."

அவன் காத்திருந்தான்.

"வேற யார்கிட்ட பொய் சொல்லியிருந்தாலும் இவ்வளவு அவமானமா இருந்திருக்காது. அன்னிக்கு அந்த இலையை அப்படிப் பார்த்தீங்களே... அதைப் பார்த்ததிலிருந்து, இந்த ஆளுக்கு மட்டும் நான் நல்லவளாத் தெரியணும்னு இருந்துச்சு. ரெண்டு நாளும் அது ஒண்ணுதான் நினைப்பு. அப்புறம் பார்த்தா... உங்களுக்குத்தான் மொதல்லயே எல்லாம் தெரிஞ்சிருக்கு. பொய்க்காரியாத்தான் ரெண்டு நாளும் என்னைப் பார்த்திருக்கீங்க."

அவன் மூன்று படி இறங்கினான். இன்னும் ஒரு படி இருந்தது.

"பயந்தவங்களாத்தான் பார்த்தேன். நானும் பயந்தேன். நேரா கேட்டா நீங்க மறுபடி தெரியலன்னு சொல்லிடுவீங்களோன்னு... சொல்லிட்டா அப்புறம் உங்களால என் முகத்தைப் பார்க்க முடியாது. உங்களைப் பார்க்காம இருக்க என்னால முடியாது. அதுக்காக எங்க சித்தப்பா மேலயே பழியைப் போட்டேன். ரெண்டு பேர்ல யாருங்க பெரிய பொய் சொன்னது?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கடைசிப் படியை அவன் இறங்கவில்லை; அவள்தான் ஏறினாள்.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு," என்றாள், சுண்ணாம்பு ஒட்டிய தன் விரலைப் பார்த்தபடி. "போதுமா? இதுக்கு மேல சத்தமா என்னால சொல்ல முடியாது."

"எனக்குக் கேட்டுடுச்சுங்க," என்றான் அவன்.

*

அடுத்த வருடம் அவர்களுக்குக் கல்யாணம் ஆயிற்று. சித்தப்பா கால் கட்டு அவிழ்ந்து வந்து, தன்னைப் பற்றி மருந்துக்கடைக்காரரிடம் சொன்ன பொய்க்காக அவனை ஒரு மாதம் திட்டிவிட்டு, பிறகு மன்னித்தார். மருந்துக்கடைக்காரர் அவரையே இன்னும் கூப்பிடுகிறார். அப்பா இரண்டு வருடம் கழித்துத் தொழிலை நிறுத்தினார். ஆட்களில் நான்கு பேரை மகளிடம் அனுப்பினார், புடைப்புக் கொடியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அக்கா அந்த அறையில் ஒன்பது வருடம் இருந்தார். ஒரு மத்தியானம், படுத்திருக்கையில், அமைதியாகப் போனார். அவனும் அவளும் இன்றும் தொழில் செய்கிறார்கள், தனித்தனியாக. ஒரே வீட்டில் இருவருக்கும் வேலை வந்தால் அவன் முதலில் போகிறான். எந்தெந்தப் பெட்டியில் உயிர் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறான். அதைப் படித்துவிட்டுத்தான் அவள் பட்டியைக் குழைக்கிறாள்.